அமுதாவை நிறுத்தியவள்

அமுதாவைப் பியானோ வகுப்பிலிருந்து துரத்தியவள் நான்தான். சிஸ்டர் பெலிசிட்டா இல்லை... நான்! அதுவும் பொய் சொல்லித் துரத்தினேன்.

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூடச் சில்லறைப் பாவங்களை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர். அது எனக்கு வசதி.

ஆனால் ஒன்று. அழுது புலம்புகிற கிழவி ஒருத்தியை எதிர்பார்த்து நீங்கள் உட்கார்ந்திருந்தால் ஏமாந்து போவீர்கள். நான் ஜெயித்தவள். கள்ளக்குறிச்சியில் ‘ரோஸ்லின் டீச்சர்’ என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டோக்காரர் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அவர் மகளுக்கும் நான்தான் கற்றுக்கொடுத்திருப்பேன்!

அந்த ஜெயம் எதன்மேல் நிற்கிறது என்பதுதான் விஷயம்.

என் அப்பா வடக்கனந்தல் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்தில், ஒரு பங்களாவில் தோட்டக்காரர். ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரி ஒருவரின் வீடு அது. அவர் மனைவியை எல்லாரும் மிஸ்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அம்மாள் அதிகாரிகளின் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பார். நான் பக்கம் திருப்பும் பெண். வாசிக்கிறவர் கண்ணைச் சற்றே அசைத்ததும் நோட்டுப் புத்தகத்தின் தாளைத் திருப்ப வேண்டும். ஆறு வருடம் திருப்பினேன். யாரும் கற்றுத்தராமலே அந்தக் கோடுகளையும் புள்ளிகளையும் தினத்தாள் மாதிரி படிக்கத் தெரிந்துகொண்டேன். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறும் என்று தடுமாறுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

நான் ஏன் வாசிக்கவில்லை என்று கேட்பீர்கள். என் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. ஒன்பது வயதில் கரும்பு பிழியும் உருளையில் கையைக் கொடுத்துவிட்டேன். எலும்பு கூடியது. பார்க்க விரல் மாதிரியே இருக்கும். ஆனால் இரண்டும் குச்சி.

கள்ளக்குறிச்சி கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் பியானோ டீச்சர் வேலை காலி என்று தெரிந்து போய் நின்றபோது தலைமையாசிரியை சிஸ்டர் பெலிசிட்டா கேட்டது ஒரே கேள்வி. “பியானோ தெரியுமா?”

“தெரியும், சிஸ்டர்.”

அது பொய்யா? எனக்குப் பியானோ தெரியும்தான்... வாசிக்கத்தான் தெரியாது. வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். அன்றைக்குப் பியானோவுக்குள் எலி குடியிருந்தது. பழுது பார்க்கிறவர் பாண்டிச்சேரியிலிருந்து வர வேண்டும். வேலை கிடைத்துவிட்டது! முந்தானையை இடது கைமேல் சுற்றிக்கொண்டு வகுப்புக்குள் போனேன். ஓய்வு பெறும்வரை அந்த முந்தானை அங்கேயேதான் இருந்தது.

ஆகவே ஒரு கொள்கையை உண்டாக்கினேன். ‘டீச்சர் வாசித்துக் காட்ட மாட்டாள். டீச்சரைப் பார்த்து வாசிக்கிற பிள்ளைக்குக் காது வளராது.’ எவ்வளவு கம்பீரமான கொள்கை, பாருங்கள்! பெற்றோர்கள் வாயைப் பிளந்தார்கள்.

இருந்தது ஒரு பியானோ. பிள்ளைகள் பதினான்கு பேர். பெஞ்சுகளின் மேல் சாக்பீஸால் பியானோக் கட்டைகளை வரைந்தேன். வெள்ளைக் கட்டைக்குக் கோடு, கறுப்புக் கட்டைக்குக் கரித்துண்டு. முதலில் பாட்டை வாயால் பாட வேண்டும். பிறகு இடது கை மட்டும், பெஞ்சில், வாய் திறக்காமல். பிறகு வலது கை. தப்பில்லாமல் தட்டினால்தான் பியானோவில் உட்காரலாம். நான் பின்னால் நடந்துகொண்டே இருப்பேன். விரல் தட்டுகிற ஓசையை வைத்தே “மூன்றாவது வரி, தப்பு!” என்பேன். பிள்ளைகளுக்கு என்னிடம் பயம். அந்தப் பயத்தில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது. ஒளிக்க மாட்டேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த முறை பலித்தது! சாதாரண வீட்டுப் பிள்ளைகள்... வீட்டில் ரேடியோகூட இல்லாத பிள்ளைகள்... காதால் கண்டுபிடித்து வாசித்தார்கள். கிறிஸ்துமஸ் விழாவில் அவர்கள் வாசிப்பதைக் கேட்டு ஊரே எழுந்து நின்றது.

ஒரே ஒரு கோளாறு. புத்தகம் ஒன்றுதான் இருந்தது. நான்தான் பிள்ளைகளுக்குக் கையால் நகல் எழுதித் தருவேன். அச்சில் அங்கொன்று இங்கொன்றாகத்தான் எண் இருக்கும்; ஒவ்வொரு புள்ளிக்கு மேலேயும் எந்த விரல் என்று நான் எண் போட வேண்டும் அல்லவா? கட்டை விரல் ஒன்று, சுண்டு விரல் ஐந்து. நான் இடது கைக்கு ஒன்று, இரண்டு, மூன்று மட்டுமே போட்டேன். வேண்டுமென்றா செய்தேன்? சத்தியமாக இல்லை! என் கையில் நான்கும் ஐந்தும் இல்லையே... யோசிக்கும்போது என் கை எப்படிப் போகுமோ அப்படி எழுதினேன். இப்படியாக எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் இடது கையில் மூன்று விரலால் தாவித் தாவி வாசித்தார்கள். பியானோ என்றாலே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆறு வருடம் யாரும் கேட்கவில்லை. அமுதா கேட்டாள்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண். ஒன்பதாம் வகுப்பு. அப்பா கலியபெருமாளுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு பழைய டிராக்டர். அவளுடைய காது மாதிரி ஒரு காதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சர்க்கரை ஆலைச் சங்கு ஊதினால் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் அது எந்தக் கட்டை என்று தேடுவார்கள். இவள் மட்டும், “டீச்சர், இன்னிக்கு சங்கு கொஞ்சம் எறங்கி ஊதுது” என்பாள். பியானோவில் தட்டிப் பார்த்தால் அவள் சொன்னது சரியாக இருக்கும்!

அந்த வருடம் முதல் தடவையாக ஆறு பிள்ளைகளை வெளிநாட்டுச் சங்கீதப் பரீட்சைக்கு அனுப்புவதாக சிஸ்டர் முடிவு செய்திருந்தார். விழுப்புரத்தில் பரீட்சை. அமுதா அதில் தேறினால் மேற்கொண்டு இசை படிக்கப் பள்ளியே அவளை அனுப்பும் என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு வேறு வழி கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் அவளை அலமாரியைத் துடைக்கச் சொன்னேன். அச்சுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் வந்து நின்றாள்.

“டீச்சர், புஸ்தகத்துல இந்த எடத்துக்கு அஞ்சுன்னு போட்டுக்கீது. நீங்க எழுதித் தந்ததுல மூணுன்னு கீது. எதுங்க டீச்சர் சரி?”

“நான் எழுதினதுதான் சரி.”

“அஞ்சு வச்சுப் பாத்தேன் டீச்சர். கை தாவாம சுலபமாப் போவுது.” பிறகு, கொஞ்சம்கூடக் கள்ளமில்லாமல், “ஒரே ஒரு தடவ நீங்க வாசிச்சிக் காட்டுங்களேன். பாத்துக்கறோம்” என்றாள்.

பதின்மூன்று ஜோடிக் கண்கள் என் இடது கைப் பக்கம் திரும்பியதாக எனக்குத் தோன்றியது. உண்மையில் அவர்கள் என் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள். முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். இவள் இன்னும் ஒரு வாரம் இந்த அறையில் இருந்தால் என் வேலை போய்விடும் என்று நினைத்தேன். கை விளங்காதவள் பியானோ டீச்சரா என்று ஊர் சிரிக்கும் என்று நினைத்தேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாமே... ‘எனக்கு விரல் மடங்காது அம்மா, நீ சொல்வது சரி’ என்று ஒரு வார்த்தை! சொன்னால் தீர்ந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை.

அவை இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள். எந்தச் சுவரைப் பார்த்தாலும் எழுத்து. எந்த டீக்கடையில் நின்றாலும் அதே பேச்சு. அடுத்த மாதம் ஒரு வாரம் சாலைமறியல், பஸ் ஓடாது, மரத்தை வெட்டிப் போடப் போகிறார்கள் என்றார்கள். கலியபெருமாள் அதில் முன்னால் நிற்கிறவர் என்பது ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் கடைக்காரர்கள், அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள். எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரு பதற்றம்.

அந்தப் பதற்றத்தை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டேன்.

சிஸ்டரிடம் போய், அமுதாவால் மற்றப் பெற்றோர்கள் சங்கடப்படுகிறார்கள், அவளைப் பியானோ வகுப்பில் வைத்துக்கொள்ள முடியாது என்றேன். சிஸ்டர் நாகர்கோவில் பக்கம். மெதுவாகப் பேசுவார்.

“பிள்ளை என்ன செய்தா, ரோஸ்லின்? அப்பா மறியலுக்குப் போனா அதுக்கு இவ என்ன செய்வா?”

மறுநாளும் போனேன். மறுபடியும் முடியாது என்றார். மூன்றாம் நாள் பஸ் நிலையத்தில் கிடந்த மறியல் நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். “அமுதா இதை வகுப்பில் எல்லாருக்கும் கொடுக்கிறாள்” என்றேன்.

சிஸ்டர் அந்தத் தாளையே நெடுநேரம் பார்த்தார். “நீ பொய் சொல்ல மாட்டே” என்றார். பிறகு, “நான்தான் பொறுப்பு. நானே அவகிட்ட சொல்லிடறேன். உன்மேலே அவளுக்குக் கோபம் வர வேண்டாம்” என்றார்.

நோட்டீஸைப் பற்றிக்கூட அவளிடம் அவர் கேட்கவில்லை. குழந்தையைக் கூனிக் குறுக வைக்க வேண்டாம் என்று நினைத்தாராம்! நிலைமை சரியாகும்வரை பியானோ அறைக்கு வராதே என்று மட்டும் சொன்னார். அமுதா அழுதுகொண்டே போனாள் என்று விடுதிப் பிள்ளைகள் சொன்னார்கள். நான் அன்று வகுப்பை வழக்கத்தைவிடக் கண்டிப்பாக நடத்தினேன்.

பரீட்சைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை மட்டும் நான் எடுக்கவில்லை. நல்ல எண்ணமா? எடுக்கச் சொல்லி விழுப்புரத்துக்கு எழுத மறந்தேன், அவ்வளவுதான்.

பரீட்சைக்கு முந்திய நாள் ஐந்து பிள்ளைகளோடு வேனில் கிளம்பினேன். மறியல் மறுநாள்தான் என்று நினைத்திருந்தோம். எலவனாசூர்கோட்டை தாண்டியதுமே சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. நூறு பேருக்குமேல் நின்றார்கள். பிள்ளைகள் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். பரீட்சை நடத்த வந்த அம்மாள் மறுநாளோடு ஊரைவிட்டுப் போகிறவர். இந்த நாள் போனால் அந்த வருடமே போச்சு.

கூட்டத்திலிருந்து கலியபெருமாள் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் அரிவாள். எல்லாம் தெரிந்துதான் வருகிறார் என்று நினைத்தேன்.

“இன்னா டீச்சர், இந்த நேரத்துல புள்ளைங்கள இட்டுக்கினு வந்துட்டீங்க? உளுந்தூர்பேட்ட வரைக்கும் மரமாக் கெடக்குதுங்க.”

“நாளைக்குப் பரீட்சை...” என்றேன்.

“தெரியும். எங்க வூட்லயும் ஒண்ண மறியலுக்கு முன்ன ஆஸ்டல்லேர்ந்து இட்டாந்தேன், பரிச்சைக்காக அழுதுக்கினு கீது. சிஸ்டரு வரக்கூடாதுன்னுட்டாங்களாம். நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்.” அரிவாளைக் கீழே வைத்தார். “அமுதா பேரு இன்னும் லிஸ்ட்ல கீதுங்களா?”

“இருக்கு.”

“அப்ப அதுவும் வரட்டும். டிராக்டர்ல வயக்காட்டு வழியா ரயிலடிக்குக் கொண்டாந்து உடறேன்.”

பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். “இன்னாய்யா இது? மறியல்னா எல்லாருக்கும் மறியல்தான்!”

கலியபெருமாள் திரும்பினார். “யோவ், மறியல் எதுக்குய்யா பண்றோம்? நம்ம புள்ளைங்க படிக்கணும்னுதான? பரிச்சைக்குப் போற புள்ளைய மறிச்சுப்புட்டு அப்பறம் இன்னாத்துக்கு மறியல்?”

பத்துப் பேர் வந்து பிள்ளைகளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள்! கூட்டத்தில் கத்தினவரே என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு டிராக்டர்வரை வந்தார். வரப்பிலும் வண்டிப் பாதையிலும் குலுங்கிக் குலுங்கி, கரும்புக்காடுகளுக்கு நடுவே... ஆறு பிள்ளைகள் பரீட்சைப் பாட்டை உரக்கப் பாடிக்கொண்டே போனார்கள். அந்த மாலையை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. என் வாழ்க்கையில் அதுபோல ஒரு ஊர்வலம் நான் போனதில்லை!

அமுதா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விடுதியில் ஒரு பலகையில் கட்டைகளை வரைந்து ஒரு மாதமாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்றாள். “நீங்க சொன்ன மாதிரியேதான் டீச்சர். மொதல்ல பாடிட்டு, அப்பறம் எடது கை.”

மறுநாள் அவள் கடைசியாக உள்ளே போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். கண்ணாடி வழியாக அவள் இடது கை தெரிந்தது. ஐந்து விரல்! ஐந்தும் தரையில் நடக்கிற மாதிரி இயல்பாக நடந்தன. தாவலே இல்லை. ஒரு மாதம் பியானோவைத் தொடாத பெண், ஒருவருடைய உதவியும் இல்லாமல், நான் கெடுத்து எழுதியதை எல்லாம் மரப்பலகையில் திருத்தி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்! என்னை மீறிய சந்தோஷம்.

பரீட்சை நடத்திய அம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டார். மற்ற ஐவரும் இடது கையில் மூன்று விரலை மட்டும் உபயோகிக்கிறார்களே, இது உங்கள் ஊர் வழக்கமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு, “கடைசியாக வந்த இந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?” என்றார்.

“நான்தான்” என்றேன்.

யோசிக்கவே இல்லை... மூச்சு விடுகிற மாதிரி வந்தது.

ஆறு பேரும் தேறினார்கள். அமுதாவுக்குச் சிறப்புத் தேர்ச்சி. பள்ளியில் இனிப்பு கொடுத்தார்கள். சிஸ்டர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “அமுதாவைத் திரும்பக் கூப்பிடுவோம் ரோஸ்லின், நோட்டீஸ் விஷயம் போகட்டும்” என்றார். கூப்பிட்டால் அந்த நோட்டீஸைப் பற்றிப் பேச்சு வரும். அவள் மறுப்பாள். நான் மாட்டுவேன். “ஊர் கொஞ்சம் அடங்கட்டும், சிஸ்டர்” என்றேன். ஊர் அடங்கியது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அமுதா பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். பள்ளி அவளை இசை படிக்க அனுப்புகிற பேச்சும் அத்தோடு போச்சு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வாரமே எல்லாப் பிள்ளைகளின் நோட்டையும் வாங்கி, ரப்பரால் எண்களை அழித்து, அமுதாவின் கை போன வழியை ஞாபகத்திலிருந்து எழுதினேன். அதற்குப் பிறகு என்னிடம் படித்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வாசித்தது அவள் விரல்களால்தான். ஒருத்தி சென்னையில் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசிக்கிறாள். ஒருவன் பாண்டிச்சேரியில் இசைப்பள்ளி வைத்திருக்கிறான். ‘ரோஸ்லின் டீச்சர் முறை’ என்றே பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை.

ஓய்வு பெற்ற அன்று மேடையில் முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொன்னேன். கைதட்டல் ஓயவே இல்லை! என்ன தன்னம்பிக்கை, என்ன சாதனை என்றார்கள். பத்திரிகையில்கூட எழுதினார்கள். பாருங்கள், சுலபமான குற்றத்தைச் சொல்லி அதற்கும் மாலை வாங்கிக்கொண்டேன்.

போன வருடம் அமுதா என்னைத் தேடி வந்தாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராம். பள்ளி விட்டபின் மலைப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தருகிறாள். ஆண்டு விழாவுக்கு நான்தான் வர வேண்டும் என்று பிடிவாதம்.

போனேன். முப்பது பிள்ளைகள், ஆறு கீபோர்டு. முறை வைத்து வந்து உட்கார்ந்து, முதலில் வாய்விட்டுப் பாடி, பிறகு வாசித்தார்கள். மலைக்காற்றில் பந்தல் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு பிள்ளைகூடத் தடுமாறவில்லை! நான் எழுந்து நின்று கைதட்டினேன். நான் வென்றுவிட்டேன் என்று அப்போது எனக்குத் தோன்றியது. நீங்கள் என்ன சொன்னாலும் சரி, அப்படித்தான் தோன்றியது.

அமுதா மைக்கைப் பிடித்தாள். “மறியல் நேரத்துல சாதியப் பாத்து என்ன வகுப்புலேர்ந்து நிறுத்திட்டாங்க. எங்க டீச்சர்தான் என் பேர லிஸ்டுலேர்ந்து எடுக்காம வச்சிருந்து, கையோட கூட்டிக்கினு போய்ப் பரிச்சை எழுத வச்சாங்க” என்றாள். எனக்குப் பொன்னாடை போர்த்தினாள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

விழா முடிந்து கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காக இருவரும் நின்றோம். அவள் என் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பையைத் தோளில் மாற்றிக்கொண்டு சொன்னாள்.

“எல்லாம் மறந்துட்டேன் டீச்சர். அந்த பெலிசிட்டா சிஸ்டர மட்டும் என்னால மன்னிக்க முடில. அவங்க சாவுக்குக்கூட நான் போவல.”

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். யாருமில்லை. பஸ்கூட வரவில்லை.

“விடு அமுதா” என்றேன். “செத்துப் போனவங்க. அவங்களும் மனுஷிதானே... மன்னிச்சுடு.”

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. “உங்க மனசு யாருக்கு வரும் டீச்சர்” என்று சொல்லி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.